காலையில் 118, பின்னேரம் 14: வீட்டுக்குள் ரேடனை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: வெள்ளவத்தையில் பழைய வீடொன்றின் கீழ்ப் பகுதியில் நானும் மனைவியும் அம்மாவும் இருக்கிறோம். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, மண்ணிலும் கல்லிலும் இருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடனை அளக்கும் சிறிய கருவியொன்றை அனுப்பினான். முதலில் குசினியில் கிரனைட் மேடையின் மேல் வைத்தேன். யன்னல் திறந்திருந்தும் 160 வரை ஏறியது. பிறகு படுக்கையறையில் கட்டில் தலைமாட்டுத் தட்டில் வைத்தேன். ஏசி போட்டுப் பூட்டிப் படுத்தால் காலையில் 90ஐ ஒட்டி நிற்கிறது, ஒருநாள் 118. பின்னேரம் யன்னல் திறந்தால் 14. மூன்று கிழமைப் பதிவில் இரவு 10 முதல் காலை 6 வரையான சராசரி 62. என்னுடைய அலுவலகம் கொள்ளுப்பிட்டியில் நிலக்கீழ் தளத்தில். ஒரு திங்கட்கிழமை கொண்டுபோனேன்: காலை 8 மணிக்கு 140, மதியம் 50. நூறைத் தாண்டினால் ஆபத்து என்கிறான் தம்பி. மனைவிக்குக் காலையில் தலை பாரமாக இருக்கிறது. கிரனைட்டை உடைக்க வேண்டுமா? ஒரு வருடத்தில் நாங்கள் சுவாசிக்கும் அளவை எப்படிக் கணக்கிடுவது?

பதில்:

அன்பின் வாசகருக்கு,

கிரனைட்டை உடைக்க வேண்டாம். தலைபாரத்துக்கும் ரேடன் காரணம் இல்லை. அதற்குக் கீழே வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களில் பெறுமதியானது அந்த 62தான். 118உம் 160உம் பயமுறுத்துகின்றனவே தவிர, வருடக் கணக்குக்கு அவை உதவா.

கருவி காட்டுவது செறிவை: ஒரு கன மீற்றர் காற்றில் ஒரு செக்கனுக்கு எத்தனை ரேடன் அணுக்கள் சிதைகின்றன என்பதை. அதன் அலகு பெக்கரல். நுரையீரலுக்குப் போய்ச் சேரும் அளவை அறிய, அந்தச் செறிவை நீங்கள் அந்தக் காற்றில் இருந்த மணித்தியாலங்களால் பெருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன 100 பெக்கரல், முடியாத இடத்தில் 300ஐத் தாண்டக் கூடாது என்ற மேல் எல்லை, கனடாவின் 200, அமெரிக்காவின் 148 எல்லாமே வருடச் சராசரிக்கானவை. ஒரு விடியற்காலை எண்ணை அவற்றுடன் ஒப்பிட முடியாது. அவை பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே கீறிய கோடுகளும் அல்ல. எந்த அளவில் திருத்த வேலைக்குக் காசு செலவழிக்கலாம் என்று ஒவ்வொரு நாடும் எடுத்த தீர்மானங்கள். அமெரிக்கக் கருவி என்றால் அலகு லீற்றருக்குப் பிக்கோகியூரியாக இருக்கலாம். அதில் 1 என்பது நமது 37.

முதலில் குசினியில் கண்ட 160. பெரும்பாலும் அது ரேடனே இல்லை. யுரேனியத் தொடரில் வரும் ரேடனின் அரைவாழ்வு 3.8 நாள். தோரியத் தொடரில் அதன் உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான், தோரன். அவனுடைய அரைவாழ்வு 55 செக்கன்தான். கல்லிலிருந்து வெளிவந்த தோரன் ஒரு சாண் தூரம் போவதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஆகவே கல்லோடு ஒட்டிய காற்றில் நிறைய இருக்கும், நீங்கள் நின்று சமைக்கும் உயரத்தில் அநேகமாக இருக்காது. பேருவளைக் கடற்கரையின் மொனசைட் மணலுக்குப் பேர்போன நாடு இது. தோரியம் நமது பாறையிலும் மணலிலும் புதிதல்ல. காற்று மெதுவாக ஊறி உள்ளே போகும்படி செய்த கருவிகளில் தோரன் வாசலிலேயே செத்துவிடும். சில மலிவான கருவிகளில் அப்படி இல்லை, தோரனையும் ரேடன் என்று எண்ணிவிடும்.

சோதிப்பது சுலபம். கருவியைக் கல்லிலிருந்து எடுத்து, அதே குசினியில், ஒரு மீற்றர் உயரமான மரக் கதிரையில், சுவரிலிருந்து அரை மீற்றர் தள்ளி வையுங்கள். எண் சரிந்தால் அது தோரன். உடனே சரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தோரன் சிதைவதால் பிறக்கும் வழித்தோன்றலான ஈயம்-212 கருவிக்குள் ஒட்டிக்கொள்ளும், அதன் அரைவாழ்வு 10.6 மணி. இரண்டு நாள் பொறுத்து வரும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். மேடையிலிருந்து வெளிவரும் ரேடனைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். இரண்டு சதுர மீற்றர் கல், சதுர மீற்றருக்கு மணிக்கு 5 பெக்கரல் விடுகிறது என்று தாராளமாகவே வைத்தாலும் மணிக்கு 10 பெக்கரல். 25 கன மீற்றர்க் குசினியில் மணிக்கு இரண்டு தடவை காற்று மாறினால், கல்லால் கூடுவது 0.2 பெக்கரல். இதற்காகவா உடைப்பது?

படுக்கையறை வேறு கதை. அங்கேயும் கருவி தலைமாட்டுச் சுவரோடு ஒட்டித்தான் இருந்திருக்கிறது, ஆகவே தோரன் சந்தேகம் வரும். ஆனால் அதே தட்டில் பின்னேரம் 14 காட்டியிருக்கிறது. யன்னலைத் திறந்தால் ரேடன் வெளியேறும். ஒரு நிமிடத்துக்குள் பாதியாகும் தோரன் யன்னலுக்காகக் காத்திருப்பதில்லை, சுவரோரம் அது பகலிலும் ஓரளவு இருந்தே தீரும். பகல் எண் 14 வரை இறங்கியதால், இரவில் ஏறியதன் பெரும்பங்கு உண்மையான ரேடன். இருந்தாலும் கருவியைத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். தலையணை உயரத்தில், எந்தச் சுவருக்கும் அரை மீற்றர் தள்ளி, ஏசிக் காற்றும் வெயிலும் நேரே படாத இடம் வேண்டும். புது இடத்தில் முதல் இரண்டு நாள் எண்களைச் சேர்க்க வேண்டாம்.

அந்த 62 எங்கிருந்து வருகிறது? இதைக் காகிதத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பூட்டிய அறையில் ரேடன் ஏறி ஏறி ஓர் அளவில் நிற்கும். அந்த அளவு, மணிக்கு உள்ளே வரும் பெக்கரலை அறையின் கன அளவால் வகுத்து, அதை மறுபடி மணிக்கு எத்தனை தடவை காற்று மாறுகிறது என்ற எண்ணால் வகுத்து, வெளிக்காற்றின் அளவைக் கூட்டினால் வருவது. ரேடன் தானாகச் சிதைவதையும் சேர்க்க வேண்டுமானால் காற்று மாற்ற எண்ணோடு 0.0075ஐக் கூட்டுங்கள், அது மிகச் சிறியது. வெளிக்காற்றுக்கு 10 என்று வைக்கலாம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்பது அடி உயரம் என்று எடுத்துக்கொள்கிறேன்: 30.6 கன மீற்றர். கதவு யன்னல் கழித்தால் சுவர், நிலம், மேல் தட்டு எல்லாம் சேர்ந்து சுமார் 50 சதுர மீற்றர். சீமெந்துப் பூச்சும் கொங்கிறீட்டும் சதுர மீற்றருக்கு மணிக்கு 3 பெக்கரல் விடுகின்றன என்று வைத்தால், மணிக்கு 150 பெக்கரல். யன்னல் பூட்டி, கதவின் கீழ் றப்பர் பட்டி வைத்த ஏசி அறையில் காற்று மணிக்கு 0.2 தடவைதான் மாறும். 150ஐ 30.6ஆல் வகுத்தால் 4.9, அதை 0.2075ஆல் வகுத்தால் 24, வெளிக்காற்றோடு 34. இவ்வளவுதான் சுவர்களால் வர முடியும், அதுவும் அறை நாள் முழுக்கப் பூட்டியிருந்தால்.

உங்கள் அறை 14இலிருந்து தொடங்கி எட்டு மணியில் 90ஐத் தொடுகிறது. 0.2 காற்று மாற்றத்தில் எட்டு மணி நேரத்தில் போக வேண்டிய தூரத்தில் 81 வீதம்தான் போகும். அப்படியானால் நிற்கவேண்டிய அளவு 110ஐ ஒட்டி. திருப்பிக் கணக்கிட்டால் அறைக்குள் மணிக்கு 635 பெக்கரல் வருகிறது. சுவருக்கு 150 போனால் மிச்சம் 485. அது மண்ணிலிருந்து வரும் காற்று. மண் துளைகளில் உள்ள காற்றில் ரேடன் ஆயிரக்கணக்கிலிருந்து பல பத்தாயிரம் பெக்கரல் வரை இருக்கும். 20,000 என்று எடுத்தால், மணிக்கு 24 லீற்றர் மண்காற்று போதும். ஒரு வாளியும் கொஞ்சமும். நிலத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பு, குளியலறைக் குழாய் நிலத்தைத் துளைத்து வரும் இடம், தண்ணீர் வற்றிய தரை வடிகால், வயர் போகும் குழாய், இவற்றில் ஒன்றே இதைச் செய்துவிடும். மேல் மாடியில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை அப்படியே தள்ளிவிட்டுச் சுவர்க் கணக்கோடு நிறுத்தலாம்.

இந்தக் கணக்கில் ஊகமாக நான் வைத்தவற்றில் முக்கியமானவை இரண்டு: சுவரின் 3 பெக்கரலும் 0.2உம். இரண்டாவதை நீங்களே அளக்கலாம். காபனீரொட்சைட்டு மீற்றர் ஒன்று வேண்டும், அகச்சிவப்பு உணரி உள்ளதாக. காலையில் எழுந்து எல்லாரும் வெளியே வந்து, அறையைப் பூட்டியபடியே விட்டு, மீற்றரை உள்ளே பதிய விடுங்கள். வெளிக்காற்றின் அளவு மில்லியனுக்குச் சுமார் 420 பங்கு. அதற்கு மேலுள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். மேலதிகம் 1600ஆக இருந்தது நாலு மணியில் 720ஆக இறங்கினால், 1600ஐ 720ஆல் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து, நாலால் வகுத்தால் 0.2. ஏசி ஓடினாலும் இதே எண்தான் வரும். சாதாரணச் சுவர் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளியிலிருந்து ஒரு முழங்கூட எடுப்பதில்லை. கொழும்பில் ரேடனைப் பற்றிப் பேசுவதென்றால் பாதிப் பேச்சு இதைப் பற்றித்தான். குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்குவதற்காகப் பூட்டுகிறார்கள். நாம் ஏசிக்காகவும் நுளம்புக்காகவும் பூட்டுகிறோம்.

மனைவியின் தலைபாரத்துக்கு விடையும் இந்த மீற்றரில் கிடைக்கும். தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லீற்றர் காபனீரொட்சைட்டு விடுகிறார். இந்த அறையில் இருவர் எட்டு மணி நேரம் படுத்தால் காலையில் 3000ஐத் தாண்டும். அந்தப் புழுக்கம் தலையைக் கனக்க வைக்கும். ரேடனுக்கு மணமோ எரிச்சலோ தலையிடியோ எந்த அறிகுறியும் கிடையாது. அதன் விளைவு ஒன்றுதான், பல பத்தாண்டுகள் கழிந்து வரக்கூடிய நுரையீரல் புற்றுநோய்.

இனி வருடக் கணக்கு. படுக்கையறையில் 8 மணிப்படி 2920 மணித்தியாலம், 62 பெக்கரல்: 181,000. வீட்டின் மற்றப் பகுதிகளில் 6 மணிப்படி 2190 மணித்தியாலம், 14 பெக்கரல்: 30,700. அலுவலகத்தில் வருடத்துக்கு 2000 மணித்தியாலம். அங்கே சரியான சராசரி இன்னும் கையில் இல்லை, கொஞ்சம் கூட்டியே 70 வைக்கிறேன்: 140,000. மிச்சம் 1650 மணித்தியாலம் வெளியிலும் வாகனத்திலும், 10 பெக்கரல்: 16,500. மொத்தம் சுமார் 368,000 பெக்கரல்-மணி. 8760ஆல் வகுத்தால் வருடச் சராசரி 42. உலகில் வீடுகளின் சராசரி 40 அளவில் இருக்கிறது. தம்பி சொன்ன நூறுக்கு நீங்கள் பாதிகூட இல்லை.

இது உங்களுடைய கணக்கு. அம்மா நாள் முழுக்க வீட்டில் இருப்பவர் என்றால் அவருக்குத் தனியாகப் போட வேண்டும். அவர் ஏசி இல்லாத அறையில் யன்னலைத் திறந்து படுக்கிறவராக இருந்தால், வீட்டிலேயே ஆகக் குறைந்த எண் அவருக்குத்தான் வரும்.

உடலுக்குச் சேரும் கதிர்வீச்சுப் பாதிப்பின் அலகான மில்லிசீவேட்டில் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அதில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஐநாவின் விஞ்ஞானக் குழு பயன்படுத்தும் முறைப்படி செறிவை 0.4 என்ற சமநிலைக் காரணியால் (வாயுவோடு ஒப்பிடக் காற்றில் மிதக்கும் வழித்தோன்றல்களின் பங்கு) பெருக்கி, பிறகு மணித்தியாலத்தாலும் 9 நனோசீவேட்டாலும் பெருக்க வேண்டும், உங்களுக்கு 1.3 மில்லிசீவேட் வரும். சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் பிந்திய குணகத்தின்படி ரேடன் வாயுவின் ஒவ்வொரு பெக்கரல்-மணிக்கும் 6.7 நனோசீவேட், அதே காற்றுக்கு 2.5 வரும். காற்று மாறவில்லை, குணகம்தான் மாறியது. ஆகவே யாராவது உங்களிடம் மில்லிசீவேட் எண்ணைச் சொன்னால், எந்தக் குணகம் என்று கேளுங்கள். கேட்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டு, ஒரு வருடத்தில் இரட்டிப்பாகிவிட்டது என்று பதறுவது வழமையாக நடக்கிறது.

அந்த 0.4உம் நிலையான எண் இல்லை. நுரையீரலில் படிந்து சேதம் செய்வது ரேடன் வாயுவைவிட அதன் வழித்தோன்றல்களான பொலோனியமும் பிஸ்மத்தும்தான். மின்விசிறி சுழலும்போது அவை இறக்கையிலும் சுவரிலும் ஒட்டிக் காற்றில் குறைகின்றன. சாம்பிராணியும் நுளம்புத்திரியும் எரியும்போது புகைத்துணிக்கைகளில் ஏறிக் காற்றிலேயே மிதக்கின்றன, காரணி ஏறும். காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்கலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. அது துணிக்கையைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. துணிக்கையில் ஏறாத மிகச் சிறிய வழித்தோன்றல்களின் பங்கைக் கூட்டியும் விடும். ரேடனுக்காக அதை வாங்க வேண்டாம்.

ஆபத்தின் அளவு எவ்வளவு என்று தெரியாமல் இந்த எண்களுக்கு அர்த்தம் இல்லை. ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான கணிப்பு இது. புகைக்காத ஆயிரம் பேரில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள் ரேடனே இல்லாவிட்டால் 4 பேர், வாழ்நாள் முழுக்க 100 பெக்கரலில் 5 பேர், 400இல் 7 பேர். புகைப்பவர்களில் அதே வரிசை 100, 120, 160. வீட்டில் யாராவது சிகரட் குடிக்கிறார் என்றால், கருவியை வைக்கும் இடத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைப் பற்றி யோசியுங்கள்.

அளவீட்டில் வழமையாகப் பிழைக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். சிறிய கருவிகள் ஒவ்வொரு சிதைவாக எண்ணுகின்றன. ஒரு மணியில் 16 எண்ணியிருந்தால் அதன் தடுமாற்றம் வர்க்கமூலம், அதாவது 4, கால்வாசி. குறைந்த செறிவில் மணிக்கு மணி ஏறி இறங்குவதில் பெரும்பகுதி இந்தத் தற்செயல்தான். எட்டு மணியையும் பல நாளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் எண் உறுதியாகும். கருவிக்குப் பின்னணிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, மூன்று நாள் மேல்மாடி பல்கனியில் மழை படாமல் வையுங்கள். 5க்கும் 15க்கும் இடையில் நிற்க வேண்டும். அங்கேயும் 40 காட்டினால் எல்லா எண்களையும் சந்தேகிக்க வேண்டும்.

ரேடனை உறிஞ்சிப் பிடித்துத் தபாலில் அனுப்பும் கரி டப்பாக்களைக் கொழும்பில் பாவிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நமது ஈரக் காற்றில் கரி தண்ணீரை உறிஞ்சி ரேடனுக்கு இடம் விடாது. பிடித்த ரேடனும் 3.8 நாளுக்கொரு தடவை பாதியாகும். வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர எட்டு நாள் எடுத்தால் கால்வாசிதான் மிஞ்சும். இந்தக் காலநிலைக்கு ஏற்றது அல்பாத் தடப் பிளாஸ்டிக், சீஆர்-39 என்று கேளுங்கள். சின்ன மூடிய கிண்ணத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு. மின்சாரம் வேண்டாம், ஈரப்பதன் அதிகம் பாதிக்காது, ரேடன் சிதையும்போது பறக்கும் அல்பாத் துணிக்கை பட்ட வடு அழியாது. ஆய்வுகூடத்தில் சூடான சோடியமைதரொட்சைட்டில் அரித்து நுணுக்குக்காட்டியில் தடங்களை எண்ணுவார்கள். மூன்று மாதம் வைக்க வேண்டும். பையை வெட்டிய நாளையும் மூடிய நாளையும் அதன்மேலேயே எழுதுங்கள். ஒரே இடத்தில் இரண்டு வையுங்கள், ஒன்றைப் பையைத் திறக்காமல் கூடவே அனுப்புங்கள். பயணத்தில் சேர்ந்தது எவ்வளவு என்று அது சொல்லும். அறிக்கை கிலோபெக்கரல்-மணியில் வரலாம்: 91 நாளைக்கு, அதாவது 2184 மணிக்கு, 92 என்று வந்தால் சராசரி 42.

அந்தச் சராசரி இரவு பகல் எல்லாவற்றுக்குமானது என்பதை மறக்கக் கூடாது. உங்கள் படுக்கையறையில் அது 62ஐவிடக் குறைவாகவே வரும், ஏனென்றால் யன்னல் திறந்த பகலும் அதில் சேர்கிறது. நீங்கள் அறையில் இருப்பதோ எண் கூடிய நேரத்தில்தான். அலுவலகத்தில் இதற்கு நேர்மாறு: பூட்டிக் கிடக்கும் இரவும் சனி ஞாயிறும் சேர்ந்து சராசரியை ஊதிவிடும். ஆகவே தடப் பிளாஸ்டிக்கோடு மணிக்கணக்குப் பதியும் கருவியும் இருந்தால், கருவி சரியா என்று பார்க்கப் பிளாஸ்டிக்கும், நேரத்தைப் பிரிக்கக் கருவியும் உதவும். இங்கே பனிக்காலம் இல்லை, ஆனால் பருவம் உண்டு. தைமுதல் பங்குனி வரை ஒன்று, தென்மேல் பருவமழையோடு வைகாசியிலிருந்து இன்னொன்று வைத்தால் வருடம் ஓரளவு பிடிபடும். பெருமழையில் வெளி மண்ணின் துளைகள் தண்ணீரால் அடைபடும். வீட்டின் கீழுள்ள காய்ந்த மண்தான் வாயுவுக்கு வழியாகிவிடும். மழைநாளில் எண் ஏறினால் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தளையில் சுத்திகரித்த களனி ஆற்றிலிருந்தும் வரும் குழாய்நீரில் ரேடன் பொருட்படுத்தத் தக்கதல்ல. பாறையில் துளைத்த குழாய்க்கிணறு என்றால் பார்க்கலாம். அங்கும் லீற்றருக்கு 10 பெக்கரல் இருந்தால் வீட்டுக் காற்றில் கூடுவது 1.

இப்போது வேலை. முதலில் குளியலறைத் தரை வடிகாலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். நிலமும் சுவரும் சந்திக்கும் வெடிப்பைத் தூசு தட்டிப் பொலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். வெள்ளைச் சீமெந்து பூசினால் சில மாதத்தில் மறுபடி வெடிக்கும். குழாய் நுழையும் ஓட்டைகளுக்கும் அதுவே. பிறகு இரண்டு கிழமை பதியுங்கள். குளியலறையின் வெளியேற்று விசிறியை ஒரு கிழமை போட்டும் ஒரு கிழமை நிறுத்தியும் பாருங்கள். கதவின் கீழிருந்து கூடத்துக் காற்றை இழுத்தால் எண் இறங்கும். றப்பர் பட்டி இறுக்கமாக இருந்து நிலத்திலிருந்து இழுத்தால் ஏறும். எது நடக்கும் என்று வீட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது, அளந்துதான் தெரியும்.

நிச்சயமாக வேலை செய்வது, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் சிறிய விசிறி. நாலு அங்குலக் குழாயில் மணிக்கு 30 கன மீற்றர் தள்ளினால் காற்று மாற்றம் 1 ஆகும். அறை நிற்கவேண்டிய அளவு 110இலிருந்து 30க்கு வரும், காபனீரொட்சைட்டும் ஆயிரத்து இருநூறு அளவில் நிற்கும். வெளியே இழுக்காமல் உள்ளே தள்ளுவதால் அறையின் அழுத்தம் சற்றுக் கூடி மண்காற்றையும் தடுக்கும். வாயிலில் நுளம்பு வலையும் தூசு வடிகட்டியும் வேண்டும். காலி வீதிப் பக்கமோ ஜெனரேட்டர் புகை வரும் பக்கமோ திறக்கக் கூடாது. இரவில் ஏசிக்கு 200 வாட் அளவில் கூடுதல் வெப்பச் சுமை வரும், மின்கட்டணத்தில் பெரிதாகத் தெரியாது. விசிறி வேண்டாம் என்றால் யன்னலை இரண்டு விரற்கடை திறந்து படுத்துப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

அலுவலகத்தில் திங்கள் காலை 140 என்பது சனி ஞாயிறு ஏசி நின்றதால் சேர்ந்தது. இரண்டு கிழமை பதிந்து, நீங்கள் மேசையில் இருக்கும் மணித்தியாலங்களை மட்டும் பிரித்து எடுங்கள். அதன் பிறகு கட்டட முகாமையாளரிடம் மூன்று விடயம் கேளுங்கள்: ஏசியின் வெளிக்காற்றுக் கதவு மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மூடப்பட்டிருக்கிறதா, நிலக்கீழ் தளத்துத் தண்ணீர்க்குழிக்கு இறுக்கமான மூடி இருக்கிறதா, வேலை தொடங்கும் முன் ஒரு மணி நேரம் வெளிக்காற்று விசிறியை ஓடவிடலாமா. முதலாவதுக்குப் பதில் ஆம் என்று வருவது கொழும்பில் அபூர்வம் அல்ல. அமெரிக்கப் பொறியியலாளரின் தரத்தில் அலுவலகத்துக்குச் செக்கனுக்கு ஆளுக்கு 2.5 லீற்றர், சதுர மீற்றருக்கு 0.3 லீற்றர் வெளிக்காற்று வேண்டும். இந்த எண்ணோடு பேசினால் முகாமையாளர் கேட்பார். ரேடன் என்று தொடங்கினால் சிரிப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் தடப் பிளாஸ்டிக்கின் மூன்று மாதச் சராசரி 100ஐத் தாண்டினால்தான் நிலத்தின் கீழிருந்து குழாய் வைத்து உறிஞ்சும் முறையைப் பற்றிப் பேச வேண்டும். அதில் நிலத்தை உடைத்து ஒரு குழி எடுத்து, 110 மில்லிமீற்றர் பீவீசீக் குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோய், கூரைக்கு அருகில் விசிறி வைப்பார்கள். உங்கள் பகுதியில் கால்வாய் கிட்ட. மேசன் உடைக்கத் தொடங்கும் முன் முற்றத்தில் ஓர் இடத்தில் இரண்டு அடி தோண்டி, அடைமழைக்குப் பிறகு தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அது நிலத்தளத்தின் அடியைத் தொடுமானால் அந்தக் குழி தண்ணீரைத்தான் பிடிக்கும், விசிறி எதையும் இழுக்காது. அந்த வீட்டில் செலவழிக்க வேண்டிய காசு உள்ளே தள்ளும் விசிறிக்குத்தான்.